வேண்டுதல் இல்லாத ஓட்டம்

ப்ளீச்சிங் பவுடர் வாசனையும் வலித்தைல வாசனையும் எங்கேயாவது ஒன்றாக வந்தால் எனக்குக் கால் நின்றுவிடும். போன வாரம் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படி நின்றேன். ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் ஒரு பெரியவர் வேட்டியை ஒதுக்கி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாசனையும் இரண்டு பக்கமிருந்து கிளம்பி, நடுவில் கலந்து, என்னிடம் வந்து சேரும்போது ஒரே ஆளாகியிருந்தன. அக்கா வந்து நின்றாள், ஈரக் காலோடு.

தூத்துக்குடியில் நாங்கள் வேலை பார்த்தது ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில். உள்ளே நுழைகிறவர் யாரானாலும் வாசலில் இருக்கும் குளோரின் தண்ணீர்த் தொட்டியில் இறங்கித்தான் ஏற வேண்டும். அக்கா தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தத் தொட்டியில் இறங்கி ஏறினாளோ. ரப்பர் பூட்ஸுக்குள் அவள் பாதம் சாயங்காலத்துக்குள் வெளுத்து, சுருங்கி, வேறு யாருடைய பாதமோ மாதிரி ஆகிவிடும். முழங்காலில் எப்போதும் வலித்தைல வாசனை. பெருவிரல் நகம் இரண்டும் கறுப்பு. முதல் தடவை பார்த்தபோது கதவில் நசுக்கிக்கொண்டாளோ என்று பதறிக் கேட்டேன்.

“நசுங்கல்லாம் இல்ல. ஓடி ஓடிச் செத்துப்போச்சு. புதுசு மொளைக்கும்” என்றாள், யாரோ ஒருவருடைய நகத்தைப் பற்றிச் சொல்வது போல.

“எதுக்குக்கா ஓடுதீங்க?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்று அளவெடுத்தாள் என்பது பிற்பாடுதான் புரிந்தது. “ஒனக்குத் தெரியாததா? ஒக்காந்தே இருந்தா இடுப்பு புடிச்சிக்கிடுமே” என்றாள். நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவள். இடுப்பு வலி என்னுடையது. என் வலியையே எடுத்து எனக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டாள்.

அதுதான் அக்கா. கேட்டவருக்கு எது சட்டென்று தொண்டையில் இறங்குமோ அந்தக் காரணத்தைக் கொடுப்பாள். பொய் சொன்னாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கேட்கிறவர் பாதியை அவராகவே சொல்லிவிடுவார், மீதிக்கு இவள் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். மேனேஜர் அது உடம்பு குறைக்கிற ஓட்டம் என்று முடிவுகட்டியிருந்தார். “என்னம்மா, ஒண்ணும் கொறஞ்ச மாதிரி தெரியலியே” என்பார் மீட்டிங்கின் நடுவில். “கொறையும் சார்” என்பாள். வாடின கீரைக்கட்டு மாதிரி ஒரு உடம்பு. குறைய அதில் என்ன இருந்தது.

துறைமுகச் சாலையில், இருபக்கமும் உப்பளங்கள் வெளுக்கிற நேரத்தில் அவள் ஓடுவாள். ஒரு நாள் உப்பு ஏற்றி வந்த லாரி ஒன்று அவள் பக்கத்தில் வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டி, “என்ன தாயி, கம்பெனி பஸ்ஸ விட்டுட்டியா? ஏறு” என்றார்.

ஏறிவிட்டாள்.

இதை அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது எனக்குச் சோறு மூக்கில் ஏறியது.

“ஏன்க்கா, பஸ்ஸ விடலன்னு சொல்லக்கூடாதா?”

“அந்த மனுசன் நிறுத்திட்டாருளா. பின்னால ரெண்டு வண்டிக்காரன் ஆரன் அடிக்கான். நடுரோட்டுல நின்னு வெளக்கிக்கிட்டா இருக்க முடியும்? ஏறி, அடுத்த முக்குல எறங்கி, ரொம்ப உபகாரம் அண்ணாச்சின்னு சொல்லிட்டு, அவரு வண்டி மறையிற வரைக்கும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னேன். பொறவு திரும்பி ஓடி வந்தேன்.”

“மறுநாளும் அவரு வந்தா?”

“மறுநாள் ரோட்ட மாத்திட்டேன்.”

மாதத்தில் பாதி அவள் ஊரில் இருக்கமாட்டாள். மண்டபம், நாகப்பட்டினம், கொல்லம் என்று இறால் இறங்குகிற கரைகளுக்கெல்லாம் போய், ஐஸ் போதுமா, தலைப்பக்கம் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காகித வேலைக்காகப் பல தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். கார் கிளம்பியதுமே அவள் போன் அடிக்க ஆரம்பிக்கும். மகளுக்கு வெள்ளை ரிப்பன் எந்த டப்பாவில் இருக்கிறது. மகனுக்கு நெற்றி சுடுகிறது, பள்ளிக்கூடம் அனுப்பலாமா. கேஸ் தீர்ந்துவிட்டது. “என்னங்க, மஞ்ச அட்டைல உள்ளது காலைல. வெள்ள அட்டைல உள்ளது ராத்திரிக்கு. ஆமா, அதேதான். நேத்தும் அதத்தான் சொன்னேன்.” சாயல்குடி தாண்டுவதற்குள் ஒரு குடும்பம் முழுவதும் எங்கள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். அக்கா ஜன்னல் பக்கம் ஒடுங்கிப்போவாள். வெளியே உடைமுள் மரங்கள் ஓடும். அவற்றைப் பொறாமையோடு பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

மண்டபத்தில் நாங்கள் தங்குகிற லாட்ஜின் மேனேஜர், வெளிச்சம் வராமல் பெண்களுக்கு வெளிக்கேட்டைத் திறக்கமாட்டார். அக்கா சண்டை போடவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். லாட்ஜ்க்காரர்கள் துவைத்துக் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்குக் கீழே குனிந்து குனிந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கடல் அந்தப் பக்கம் இன்னும் நிறம் எடுக்கவில்லை. கொடியின் கடைசியில் தொங்கிய ஈரத்துண்டு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் அவள் முகத்தைத் துடைத்துவிட்டது. சத்தம் கேட்டு மேனேஜர் மேலே வந்தார்.

“என்னம்மா, சுகரா?”

“ஆமாண்ணே. சுகர்தான்.”

பாவம், அவர் மனைவிக்குச் சுகராம். அதிலிருந்து நாங்கள் எப்போது போனாலும் அக்காவுக்கு மட்டும் சீனி போடாத டீ வரும். அவரே கையில் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நிற்பார். டம்ளரில் பாதி சீனி கிடந்தால்தான் அக்காவுக்கு டீ. கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் குடிப்பதுபோலக் குடித்துவிட்டு, “நல்லாருக்குண்ணே” என்பாள்.

அந்த மொட்டைமாடியில்தான் ஒரு தடவை, மூச்சு வாங்கி அடங்கின பிறகு, நான் கேட்காமலே பேசினாள்.

“நான் எங்க இருந்தாலும் யாராச்சும் கூப்பிடுவாங்களா. குளிக்கப் போனாக் கதவத் தட்டுவாங்க. கண்ண மூடுனா உலுக்குவாங்க. ஓடுறப்ப மட்டும் யாராலயும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் எட்டாது.” ஷூவின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். “இத யார்ட்டப் போய்ச் சொல்ல? சொன்னா, நாங்க என்ன அவ்வளவு தொந்தரவான்னு கேப்பாங்க. தொந்தரவுல்லாம் இல்ல. பிள்ளைக தங்கமானது. அவரு ஒரு சொல்லு சொல்லமாட்டாரு. அலுப்புளா. வெறும் அலுப்பு. அதுக்கு யாரும் காரணம் இல்ல.”

அப்போதுதான் சென்னையில் தை மாதம் நடக்கவிருந்த மாரத்தானைப் பற்றியும் சொன்னாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேலே. பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டில் கம்பெனி டூர் என்று சொல்லிவிட்டுப் போவதாகத் திட்டம். “முழுசா ஒரே ஒரு தடவ ஓடி முடிக்கணும். முடிச்சிட்டா அது என்னோடது. பொறவு யாரும் அதுல பங்கு கேக்க முடியாது” என்றாள். அவள் எதையும் தன்னது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த வார்த்தை அவள் வாயில் இன்னும் நன்றாக உட்காரவில்லை.

ஆனால் மில்லர்புரத்தில் அவள் வீட்டில் அந்த ஓட்டத்துக்கு ஏற்கெனவே வேறொரு சொந்தக்காரர் இருந்தார். அவளுடைய மாமியார். அக்கா கூப்பிடுகிற மாதிரி எனக்கும் அவர் அத்தைதான்.

அக்காவின் கணவர் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தார். ஒரு மத்தியானம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்தார்கள். அடுத்த மாதம்தான் அக்கா ஓட ஆரம்பித்தாள். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. லாரிக்காரருக்குப் பயந்து அக்கா துறைமுகச் சாலையை விட்டுவிட்டுத் திருச்செந்தூர் ரோட்டுக்கு மாறினாள் அல்லவா. முள்ளக்காடு வரைக்கும் போய்த் திரும்புகிறாள் என்று பால்காரர் வந்து சொன்னதும் அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் விடியுமுன் ஒருவர் திருச்செந்தூர் ரோட்டில் கால்நடையாகப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முருகனுக்கு வேண்டிக்கொண்டு, பச்சை உடுத்தி, செருப்பில்லாமல் தூத்துக்குடியிலிருந்து கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். புருஷன் நெஞ்சுக்குள் கம்பி வைத்துப் படுத்திருக்கிறான், பெண்டாட்டி திருச்செந்தூர் ரோட்டில் வேர்த்து ஒழுக ஓடுகிறாள். வேறு என்னத்தை யோசிக்க.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாராம்.

“எம்மவனுக்கா ஓடுத, தாயி?”

அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

“அந்தக் கண்ண நீ பாக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேருந்து தூங்காத கண்ணு. இல்லன்னு எப்படிளா சொல்ல?” என்றாள் என்னிடம்.

ஒருவிதத்தில் அந்தத் தலையாட்டல் அவளுக்கு வழிவிட்டது. அத்தையே எழுந்து அடுப்பு பற்றவைத்தார், பிள்ளைகளுக்குச் சோறு கட்டினார். “அம்ம கோயில் காரியமாப் போயிருக்கா, நொய்நொய்ங்காதிய” என்று அதட்டினார். இன்னொரு விதத்தில் கழுத்தைப் பிடித்தது. வேண்டுதல் நிறைவேறும்வரை வீட்டில் மீன், முட்டை என்று கவிச்சி எதுவும் கிடையாது. நாள் முழுக்க இறாலை உரித்து, முகர்ந்து, வேகவைத்துப் பார்க்கிறவள், வீட்டுக்குப் போனால் புடலங்காய்க் கூட்டு. ஓடுகிற உடம்புக்கு அது எந்த மூலைக்கு. டூர் வருகிறபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் அவித்த முட்டையை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவாள். “முட்டைக்காக டூர் போற ஒரே சூப்பர்வைசர் நான்தாம்ளா.” பிறகு வாயை நன்றாகக் கொப்புளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போன் போடுவாள்.

அத்தை பச்சையில் சுடிதார் எடுத்துக் கொடுத்தார். அதையே போட்டுக்கொண்டு ஓடினாள். ஷூ விஷயத்தில் மட்டும் அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. “கோயில் ரோட்டுல செருப்பா?”

“இது துணி அத்தை. தோல் இல்ல.”

அத்தை குனிந்து விரலால் தடவிப் பார்த்து, சரி என்றார்.

ஒரு நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கணவரும் கேட்டிருக்கிறார். “எனக்காகவா இவ்வளவும்?” இதை அவள் சொன்னபோது நாங்கள் லேபில் இருந்தோம். அதற்கும் தலையாட்டினீர்களா என்று கேட்டேன். தட்டில் இருந்த இறாலைப் புரட்டிக்கொண்டே, “தண்ணிய எடுத்துக் கொடுத்தேன்” என்றாள்.

எனக்கு அன்று அவள்மேல் பிரியத்தோடு கூடவே ஒரு சின்னப் பயமும் வந்தது. இரண்டு பேர் தங்கள் நிம்மதியைக் கொண்டுபோய் இவள் காலில் கட்டியிருந்தார்கள். காலுக்கு அது தெரியாது. கால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மார்கழி பிறந்ததும் அத்தை பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வருஷம் நிறையப் போகிறது, வேண்டுதலை முடித்துவிட வேண்டும். வீட்டிலிருந்து கோயில்வரை மருமகள் ஒரே ஓட்டமாக ஓடிப் போக, குடும்பம் வேனில் கூடவே வர, கோயிலில் அர்ச்சனை, சர்க்கரைப் பொங்கல். சாத்தான்குளத்தில் இருக்கும் மகளுக்கும் சொல்லியாகிவிட்டது. வேனும் பேசியாகிவிட்டது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சென்னை ஓட்டமும் அதே ஞாயிறுதான்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஐஸ் உருகின பெட்டி மாதிரி இருந்தது.

“இப்பவாச்சும் உள்ளதச் சொல்லிருங்கக்கா” என்றேன்.

“சொல்லி?”

“சொல்லிட்டு சென்னைக்கு ரயில் ஏறுங்க.”

“அந்தப் பொம்பள அதப் புடிச்சிக்கிட்டுத்தாம்ளா தூங்குது. நான் கைய எடுத்தா விழுந்துரும்.” கொஞ்ச நேரம் போனையே நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “நம்ம வீட்டுலேருந்து கோயிலுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரந்தான் காட்டுது” என்றாள். இன்னும் கொஞ்சம் நோண்டினாள். “ஒரு மூணு கிலோமீட்டர் கொறையுது.”

“அப்ப?”

“அப்ப என்ன. கொறையுது” என்று சொல்லிவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு, கிழக்கு வெளுக்குமுன் மில்லர்புரத்தில் சூடம் ஏற்றிக் கிளம்பினோம். அக்கா பச்சைச் சுடிதாரில், இடுப்புப் பையில் தூரம் அளக்கிற போனோடு. நான் ஸ்கூட்டரில் தண்ணீரும் கடலைமிட்டாயும் வைத்துக்கொண்டு பின்னால். வேன் கொஞ்சம் முன்னால் போய் நிற்கும், நாங்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி முன்னால் போகும். ரோடெல்லாம் நடக்கிற கூட்டம். யாரோ “அரோகரா” என்பார்கள். மூச்சே இல்லாத வாயால் அவளும் “அரோகரா” என்பாள். பேசாதீங்கக்கா, மூச்சு வீணாகும் என்றேன். கேட்கவில்லை. பழையகாயலில் வெயில் முதுகில் ஏறியது. முக்காணியில் வாழைத்தோட்டத்தின் ஈரம் ஒரு நிமிஷம் கூடவே ஓடி வந்து நின்றுவிட்டது. ஆத்தூர் பாலத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று தானே தன் காலைக் குத்திக்கொண்டாள், வேறு யாரையோ எழுப்புவது போல. முன்னால் போயிருந்த வேன் பின்னோக்கி வர, அத்தை மோரை நீட்டினார்.

“உப்பு பத்தலியா?”

“இன்னும் போடுங்க அத்தை.”

“முடியலன்னா நட. முருகன் ஒண்ணும் சொல்லமாட்டான்.”

“ஓடிருவேன் அத்தை.”

ஆறுமுகநேரிக்குப் பிறகு அது ஓட்டம் இல்லை. விழுகிற ஒரு உடம்பை ஒவ்வொரு அடியிலும் கால் தாங்கிப் பிடித்தது. காயல்பட்டினத்தில் பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் மெதுவாக வந்து, “லாத்தா, தண்ணி தரட்டா?” என்றார், தன் வீட்டு அக்காவைக் கூப்பிடுவது போல. வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டாள். வீரபாண்டியன்பட்டினம் தாண்டி, கோயிலுக்குத் திரும்புகிற முக்கில் வேன் நின்றது. அத்தை, கணவர், பிள்ளைகள், சாத்தான்குளத்து நாத்தனார் எல்லோரும் இறங்கி நின்றிருந்தார்கள். அத்தை தட்டில் சூடத்தை ஏற்றினார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா வந்து நின்றாள். குனிந்து நெற்றியைக் காட்டினாள். அத்தை திருநீறு பூசிவிட்டார். அக்கா இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. பசித்த முகம்.

போனைப் பைக்குள் வைத்தாள். கோயில் பக்கம் திரும்பவில்லை. குலசேகரன்பட்டினம் போகிற ரோட்டில் ஓட ஆரம்பித்தாள்.

“ஏளா, கோயில் இங்கன இருக்கு. எங்கன ஓடுத?”

அவள் திரும்பி, பின்பக்கமாகவே இரண்டு அடி ஓடிக்கொண்டு சொன்னாள்.

“இதுவரைக்கும் ஓடுனது உங்களுக்கு அத்தை. இனி உள்ளது எனக்கு.”

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். அந்த ரோட்டில் நடக்கிற கூட்டம் இல்லை. அரோகரா இல்லை, மோர் இல்லை. தேரியின் செம்மணல் காற்று, பனைகள், தூரத்தில் கடலின் ஒரு கீற்று. அவள் எதையும் பார்க்கவில்லை. சாத்தியிருந்த ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் முழுத் தூரமும் ஆயிற்று என்று போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அங்கேயே நின்றாள். அடுக்கிக் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தாள்.

“முடிஞ்சிட்டாக்கா?”

“முடிஞ்சிட்டு.”

சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைத் தூக்கினாள். “கொஞ்ச நேரம் பேசாத.”

பேசவில்லை. வேன் வருகிறவரைக்கும் அந்த இடத்தில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அத்தை இறங்கி வந்தார். திருநீற்றுத் தட்டு இன்னும் கையில் இருந்தது. “இனி உள்ளது ஒனக்குன்னா என்ன அர்த்தம்?” என்றார்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அக்கா ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருப்பாள். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு என்று சொல்லியிருந்தால் போதும், அத்தை அவளைத் தோளில் தூக்கியிருப்பார். ஆனால் அன்று அவளிடம் அதற்குத் தெம்பு இல்லை. இருந்த எல்லாவற்றையும் ரோட்டில் சிந்திவிட்டு வந்திருந்தாள். டயரில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“நான் வேண்டிக்கிடல அத்தை. மொதல்லேருந்தே வேண்டிக்கிடல. எனக்கு ஓடணும் போல இருந்துச்சு, ஓடுனேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொல்ல வாய் வரல.”

அத்தை அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெல்ல வேன் படியில் உட்கார்ந்தார்.

“அப்ப எம்மவனுக்கு யாருமே வேண்டிக்கிடலியா?” என்றார். “நீ ஓடுதியேன்னு நான் பேசாம இருந்துட்டனே. ஒரு வெளக்குகூட நேந்துக்கிடலியே.”

கடந்து போன வருஷம் முழுவதற்கும் இப்போது உட்கார்ந்து பயந்தார். அந்தப் பயம் பின்னோக்கிப் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

“எம்மா, நான் நல்லாத்தான இருக்கேன்” என்றார் மகன்.

“நீ வாய மூடு.”

கோயிலுக்குள் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்க என்று கேட்டுவிட்டார் அத்தை. வேன் திரும்பியது. சர்க்கரைப் பொங்கல் தூக்குச்சட்டியில் ஆறிக் கட்டியாகிப்போய்க் கிடந்தது. கணவர் மட்டும் வழியில் ஒரு தடவை அக்காவின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை ஒரே வரியில் சொன்னாள். “மீன் வந்துட்டு, பேச்சு போயிட்டு.” அத்தை பிள்ளைகளைக் கூப்பிட்டுத்தான் இவளுக்குச் செய்தி சொல்வார், இவள் பக்கத்திலேயே நின்றாலும். காலையில் அடுப்பு மறுபடி அக்காவிடம் வந்தது. ஓட்டம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. மண்டபத்தில் லாட்ஜ் மேனேஜர் டீ கொண்டுவந்தபோது, “அண்ணே, எனக்குச் சுகர் கெடையாது. சீனி போட்டுக் கொண்டாங்க” என்றாள். அவர் முகம் வாடிப்போனது. அவளுக்கும் அது வருத்தம்தான். இருந்தாலும் குடித்தாள், இனிப்பாக.

மாசி முடியும்போது அத்தை வீட்டின் நடுவில் நின்று, யாரையும் பார்க்காமல் அறிவித்தாராம். “எம்மவனுக்கு நான் நடக்கேன்.” முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிற மனுஷி. மகன் தடுத்தார், மகள் போனில் அழுதாள். “சவத்து முட்டு, இருந்து என்னத்துக்கு? நடந்து தேயட்டும்.” வழியில் ஒரு ராத்திரி தங்கி, இரண்டு நாளாகப் போவது என்று முடிவு. அக்கா கூடப் போவாளா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் அத்தை வெறுங்காலோடு படியிறங்கியபோது அவளும் இறங்கினாள், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது கொச்சி ஆபிஸுக்கு மாற்றலாகியிருந்தது. அன்று சாயங்காலம் ரயில். ஆபிஸில் சாவியை ஒப்படைக்குமுன் சொல்லிக்கொண்டு வரலாம் என்று ஸ்கூட்டரை எடுத்துப் போனேன். முள்ளக்காடு தாண்டி அவர்களைப் பிடித்தேன். அத்தை முன்னால், ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு. அக்கா நாலடி பின்னால், இரண்டு பேர் பையையும் தூக்கிக்கொண்டு. அவள் காலிலும் ஷூ இல்லை. புது நகம் பாதிவரை வந்திருந்தது.

வண்டியை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட நடந்தேன்.

“எப்படிக்கா இருக்கு?”

“ஓடுறதவிட இது கஷ்டம்ளா. காலு தன்னால முன்னால போவுது. இழுத்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கு.”

அத்தைக்குக் காதில் விழுந்தது. திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு, முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஏளா, ஓடுறப்ப என்னத்த நெனப்ப?”

பிள்ளைகளை நடுவில் வைக்காமல் இத்தனை வாரத்தில் அவர் நேராகக் கேட்டது அதுதான்.

“ஒண்ணும் நெனக்கமாட்டேன் அத்தை.”

“எங்கள எல்லாம்?”

“நெனக்கமாட்டேன்.”

உப்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், தூசி அடங்கியது.

“நல்லாத்தாம் இருக்கும் போல” என்றார்.

எனக்கு நேரமாகியிருந்தது. அன்றைக்கு அக்கா கொல்லத்துக்குப் போயிருக்க வேண்டும். கம்பெனி கார் காலையிலிருந்து ஆபிஸ் வாசலில் அவளுக்காக நின்றுகொண்டிருந்தது. அவள் லீவு சொல்லவில்லை, போனையும் அணைத்து வைத்திருந்தாள்.

“மேனேஜர் கேட்டா என்னக்கா சொல்ல? அத்தைக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னு சொல்லட்டா?”

அக்கா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்லாத” என்றாள். “கேட்டாக் கேக்கட்டும். நீ கெளம்பு.”